மந்திரியின் பங்கு

பிப்ரவரி 4

அன்பு மருமகளுக்கு உன் தாய்மாமன் எழுதுவது.

நான் கல்லுப்போல இருக்கிறேன். உன் அத்தைக்கு முழங்கால் வலி, அதைத் தவிர வீட்டில் குறை இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டே வேலை செய்யாதே, கால் வீங்கும். “போன்ல பேசித் தொலைங்களேன்” என்கிறாள் அத்தை. போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன்னால் முடியாது.

விஷயம் இதுதான். கொட்டகையில் இரண்டு மாடுகள் கன்று வீசிவிட்டன. ஐந்து மாதச் சினையிலேயே செத்து விழுந்தன. பூனை அளவு இருந்தது ஒவ்வொன்றும், மயிர்கூட முளைக்கவில்லை. இரண்டாவதைப் பார்த்ததும் கையிலிருந்த வாளி விழுந்துவிட்டது. முப்பது வருடத்தில் என் கையிலிருந்து வாளி விழுந்ததில்லை, பால் சொசைட்டியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

மாட்டு டாக்டர் வந்தார். முகத்தைவிடக் கண்ணாடி பெரியது அவருக்கு. “பல காரணம் இருக்கலாம்” என்றார். அதைச் சொல்ல எதற்கு இத்தனை வருடப் படிப்பு? ஐந்தாம் வகுப்போடு நின்ற நானே சொல்வேனே. மாட்டு நஞ்சுக்கொடியை ஆராய்ச்சி செய்கிற கூடத்துக்கே என் மருமகள்தான் தலைவி என்று ஒரு போடு போட்டேன். உடனே நாற்காலி நுனிக்கு வந்தார். யாராவது கேட்டால் காட்டிக் கொடுத்துவிடாதே.

என் பராமரிப்பில் குறை சொல்ல முடியாது. கன்று ஈன்றதும் மற்றவர்கள் நஞ்சுக்கொடியைப் புதைக்கக் குழி தோண்டி மெனக்கெடுகிறார்கள். எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. என் நாய் மந்திரி இருக்கிறானே! கொடி விழுந்த கால் மணி நேரத்தில் தரையைத் துடைத்து வைத்தது மாதிரி தின்று முடிப்பான். விழுந்த கன்றுகளும் அவன் பங்குக்குத்தான் போயின. சத்து வீணாகவில்லை, எனக்கும் வேலை மிச்சம். என் சொந்தக் கண்டுபிடிப்பு இது. தின்றுவிட்டுத் தீவன அறையில் தவிட்டு மூட்டை மேல் ஏறிப் படுத்துக் காவல் காப்பான். ஒரு எலி தலைகாட்டாது.

என் கவலையெல்லாம் மகாராணியைப் பற்றித்தான். ஒன்பது ஈத்து, ஒரு கன்றைக்கூட வீசாதவள். கொட்டகையில் பாதி அவள் வம்சம். இப்போது நான்கு மாதச் சினை. இந்தக் கன்று தப்ப வேண்டும்.

மாடு வளர்ப்பது எல்லோருக்கும் வந்துவிடாது. மூன்றாம் தெருத் தையற்காரி நினைவிருக்கிறதா? மாடு வாங்கினாள், இரண்டு வருடம் இரண்டு கன்று வீசியது. “பட்டினி போட்டா கன்னு நிக்குமா?” என்று சொசைட்டி வாசலில் நூறு பேர் முன்னால் கேட்டேன். சுற்றி நின்றவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் மாட்டை அடிமாட்டுக்குத் தள்ளிவிட்டாள். அவள் வீட்டில் நடந்தால் அர்த்தம் இருக்கிறது. என் வீட்டில் எப்படி நடக்கும்? எதிர்வீட்டுக்காரன் புது ஒலிபெருக்கி வாங்கியிருக்கிறான். அந்த அதிர்ச்சியில்தான் கன்று விழுகிறது என்பது என் ஆராய்ச்சி. நீ உன் ஆராய்ச்சியைச் சொல். ஏதாவது ஊசி இருந்தால் அனுப்பு.

மகாராணியின் கொட்டகையிலிருந்து,
மாமா

பிப்ரவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். அத்தையை மாடிப்படி ஏறவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்துப் படித்தேன். மந்திரி வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. அதன்பிறகு சாப்பிட முடியவில்லை.

மாமா, நான்கு வருடமாக நான் நுண்ணோக்கியில் பார்ப்பது ஒரே ஒரு ஒட்டுண்ணியைத்தான். நோயுள்ள மாட்டின் நஞ்சுக்கொடியைத் தின்னும் நாயின் குடலில் அது பெருகும். நாயின் மலத்தோடு கண்ணுக்குத் தெரியாத முட்டைகளாக வெளியே வரும். தவிட்டில் கலந்தால் சினை மாடு அதைத் தின்னும். பிறகு ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம், நீங்கள் எழுதியபடியே கன்று விழும். இப்படி நடக்கும் என்று வகுப்பெடுப்பவர்களுக்குப் படம் வரைந்து கொடுப்பதே நான்தான். அந்தப் படம் அப்படியே உங்கள் கொட்டகை.

இன்றே தீவன அறைக்குக் கதவு போடுங்கள். அந்தத் தவிட்டை எரித்துவிடுங்கள். மந்திரிக்கு இனி கொடியோ கன்றோ ஒரு துண்டுகூடப் போகக் கூடாது. டாக்டரை அழைத்து எல்லா மாட்டுக்கும் இரத்தம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

உண்மையில் எத்தனை கன்று விழுந்தது? மகாராணியின் பெண் கன்றுகள் வெளியே யாருக்காவது போயிருக்கின்றனவா? இந்த இரண்டுக்கும் பதில் எழுதுங்கள்.

நான் ஆய்வுக்கூடத் தலைவி இல்லை. அங்கே கண்ணாடித் தகடு கழுவுகிறவர்களில் மூத்தவள்.

உங்கள் மருமகள்

மார்ச் 3

அன்பு மருமகளுக்கு,

அனைவரும் நலம். மந்திரி மட்டும் மனம் நொந்திருக்கிறான். தினமும் என் தேநீரில் பாதி குடிக்கிறவன் மேல் இப்படி ஒரு பழியா? இருந்தாலும் நீ சொன்னதற்காகக் கதவு போட்டேன். அரண்மனைக்குக்கூட அப்படி ஒரு கதவு கிடையாது. தகரம் பழையது, ஆணி புதுசு.

கண்ணாடி டாக்டர் வந்து இரத்தம் எடுத்தார். “எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?” என்று என்னைக் கேட்டார். “அனுபவம்” என்றேன். பதினோரு குழாய்களும் பனிக்கட்டிப் பெட்டியில் வருகின்றன. மகாராணியின் குழாயில் சிவப்பு நூல் கட்டச் சொன்னேன், அவள் இரத்தம் எல்லாவற்றோடும் கலந்து நிற்க வேண்டாம் என்று.

எத்தனை என்று கேட்டாய். இரண்டு என்றது சுருக்கிச் சொன்னது. போன வருடத்தையும் சேர்த்தால் நான்கு. அதற்கு முந்தைய வருடத்தைக் கிளறினால் ஆறு. யாரிடமும் சொல்லவில்லை. உன் அத்தையைத் தவிர யாருக்கும் தெரியாது.

பக்கம் தீர்ந்துவிட்டது. மற்றது பிறகு.

மாமா

மார்ச் 29

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். உட்கார்ந்து படியுங்கள்.

பதினொன்றில் ஏழு மாடுகளுக்கு இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கிய இரண்டு. அவை தவிட்டில் வாங்கியிருக்க வேண்டும். மகாராணியின் வயிற்றில் வந்த நான்கு. பிறகு மகாராணி. சிவப்பு நூல் கட்டிய குழாயில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். குழாய் மாறிவிட்டதென்று நினைத்து மறுபடி சோதித்தேன். மாறவில்லை.

அவள் ஒரு கன்றைக்கூட வீசாதவளாயிற்றே என்று கத்துவீர்கள். சொல்கிறேன். சினை மாட்டின் உடம்பு, வயிற்றிலிருக்கும் கன்றை வெளியாள் என்று துரத்திவிடக் கூடாது. அதற்காகத் தன் எதிர்ப்பைக் கொஞ்சம் அடக்கி வைத்துக்கொள்ளும். உள்ளே தூங்கும் ஒட்டுண்ணி அந்த நேரம் பார்த்து விழித்து நஞ்சுக்கொடிக்கு வரும். கொடி மூர்க்கமாகச் சண்டை போட்டால் அந்தச் சண்டையில் அதுவே புண்ணாகும், கன்று செத்து விழும். சண்டை போடாமல் விட்டால் ஒட்டுண்ணி கன்றுக்குள் போய்விடும். கன்று கொழுகொழுவென்று பிறக்கும். வளர்ந்து தன் கன்றுக்கும் கொடுக்கும். நாங்கள் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். கொடி எந்த அளவுக்குச் சண்டை போட வேண்டும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

மகாராணி ஒன்பது தடவையும் சண்டை போடாதவள், மாமா. அவள் கொடிகள் ஒன்பதும் மந்திரிக்கும் அவனுக்கு முன்பிருந்த நாய்க்கும் போயின.

மருந்து கிடையாது. நீங்கள் கேட்ட ஊசியும் கிடையாது. மனிதருக்கு இது வந்து யாரும் பார்த்ததில்லை, அதனால் பாலைப் பற்றிப் பயம் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் கடைசிப் பக்கம் பாதி காலியாக இருந்தது. மகாராணியின் கன்று யாருக்குப் போனது?

உங்கள் மருமகள்

ஏப்ரல் 16

கண்ணு, அத்தை எழுதுகிறேன்.

எனக்கு முழங்கால் அப்படியேதான். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து உன் மாமா பேசுவதில்லை. இந்த வீட்டில் முப்பது வருடமாகக் கேட்காத சத்தமெல்லாம் இப்போது கேட்கிறது. குழாய் சொட்டுகிறது. கடிகாரம் ஓடுகிறது. சொசைட்டியில் “என்ன, ரேடியோவுக்கு பேட்டரி போச்சா?” என்று என்னிடம் கேட்கிறார்கள். கட்டிலைக் கொட்டகைக்கு எடுத்துப் போய்விட்டார். மகாராணி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மந்திரியைப் பின்பக்கம் வேலி போட்டுக் கட்டியிருக்கிறது. அவனைத் திட்டவும் இல்லை, தடவவும் இல்லை.

நீ கேட்டதற்கு அவர் எழுத மாட்டார், நான் எழுதுகிறேன். வெளியே போனது ஒரே ஒரு கன்றுதான், தையற்காரிக்கு. “மகாராணி ரத்தம், கண்ண மூடிக்கிட்டு வாங்கு” என்று இவர்தான் தலையில் கட்டினார். அவள் அதற்காகத் துணிகளோடு துணியாக எத்தனை நாள் உட்கார்ந்து தைத்தாள் என்று எனக்குத் தெரியும். பிறகு சொசைட்டி வாசலில் நடந்ததும் உனக்குத் தெரியும்.

அதிலிருந்து அவள் எங்கள் தெரு வழியாக வருவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறாள்.

அத்தை

ஏப்ரல் 25

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. அத்தை எழுதிவிட்டார்.

என் முதல் பள்ளிச் சீருடையை அந்தத் தையற்கார அம்மாதான் தைத்தார். வளருகிற பிள்ளை என்று உள்ளே துணி மடித்து விட்டுத் தைத்தார். மூன்று வருடம் போட்டேன்.

அவர் அந்த மாட்டைப் பட்டினி போடவில்லை. அது பிறக்கும்போதே நோயோடு பிறந்தது. இதை அவரிடம் சொல்லிவிட்டீர்களா?

உங்கள் மருமகள்

மே 21

அன்பு மருமகளுக்கு,

நலம். வெயில் கொளுத்துகிறது. மகாராணி தினமும் நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கிறாள். அறுபது என்று எழுத வந்தது, அடித்துவிட்டேன், பார்.

சொல்லவில்லை.

சொல்லப் போனேன். மூன்றாம் தெரு முனைவரைக்கும் போனேன். மிஷின் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். நான் எந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போனவன் இல்லை. அந்த வீட்டுக்கு எப்படிப் போவேன்? அதனால் ஒரு யோசனை. மகாராணிக்கு ஏழாம் மாதம் தாண்டிவிட்டது, இனி விழாது. இந்தக் கன்று நோயில்லாமல் பிறந்தால் கயிற்றைப் பிடித்து நானே ஓட்டிக்கொண்டு போய் அவள் வாசலில் கட்டுவேன். காசு வேண்டாம். அப்போது சொல்வேன். கன்று பக்கத்தில் நின்றால் வாய் வரும் எனக்கு.

நோயில்லாத கன்றும் பிறக்கும்தானே? நீ படித்தவள், பிறக்கும் என்று எழுது.

மாமா

ஜூன் 6

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். தண்ணீரை நிறுத்தாமல் கொடுங்கள்.

பிறக்கலாம். பத்தில் ஒன்று, இரண்டு. அதற்கு மேல் என்னால் கூட்டிச் சொல்ல முடியாது.

கன்று பிறந்ததும் ஒரு வேலை இருக்கிறது. சீம்பால் ஒரு சொட்டு உள்ளே போவதற்கு முன் கன்றின் இரத்தம் எடுத்தாக வேண்டும். தாயின் சீம்பாலில் இருக்கிற எதிர்ப்புச் சக்தி கன்றின் இரத்தத்தில் கலந்துவிட்டால், நோய் கன்றுடையதா தாயுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டர் வரும்வரை கன்றை மடிக்குப் போகவிடாதீர்கள். நஞ்சுக்கொடியில் ஒரு துண்டை மருந்துப் புட்டியில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். மீதியை ஆழமாகப் புதையுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. பள்ளி விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் கூடையில் நஞ்சுக்கொடியைத் தூக்கிக்கொண்டு போய் நாய்க்குப் போட்டது நான்தான். “எங்க வாலு பயப்படவே மாட்டா” என்று தெருவுக்கே சொன்னீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருடம் இந்த நோயைப் படித்துக்கொண்டே இருந்தும், அந்தக் கூடை ஒரு தடவைகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

உங்கள் மருமகள்

ஜூலை 20

அன்பு மருமகளுக்கு,

எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் மகாராணியும் கன்றும். கிடேரிக் கன்று! நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு முன்னங்கால் தெரிந்தது, இரண்டரைக்குத் தரையில். நெற்றியில் காசு அளவு வெள்ளை. நான் பார்த்த கன்றுகளிலேயே அழகு. இதில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை.

கண்ணாடி டாக்டர் வண்டி பஞ்சர். நாற்பது நிமிடம், மருமகளே. அதற்குள் கன்று நான்கு காலையும் பரப்பி எழுந்துவிட்டது. விழுந்தது, எழுந்தது, நேராக மடியைத் தேடிப் போனது. நான் இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மகாராணி கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தினாள். என்னைப் பார்த்து அவள் அப்படிக் கத்தியதே இல்லை. கன்று என் விரலைப் பிடித்துச் சப்பியது. ஒன்றும் வரவில்லை என்றதும் என் சட்டைப் பித்தானைச் சப்பியது.

உன் அத்தைக்குப் பொறுக்கவில்லை. “பச்சப் பிள்ளய இப்படிப் பட்டினி போடுறீங்களே!” என்றாள்.

சொசைட்டி வாசலில் நான் சொன்ன அதே சொல். ஆனால் பிடியை விடவில்லை.

டாக்டர் வந்து இரத்தம் எடுத்தார். அதற்குப் பிறகுதான் விட்டேன். அது குடித்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது.

நஞ்சுக்கொடி ஐந்து மணிக்கு விழுந்தது. ஆள் உயரக் குழி தோண்டினேன். இடுப்பளவு. என் வாழ்நாளில் முதல் தடவை. மண்ணைத் தள்ளும்போது நிமிர்ந்து பார்த்தால், மந்திரி வேலிக்கு அப்பால் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டு தன் பங்குக்குக் காத்திருக்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? நான் பழக்கியது.

குழாயும் புட்டியும் இன்று கிளம்புகின்றன. தையற்காரி வீட்டுக்குப் போக, கழுத்துக் கயிறு புதிதாகத் திரித்து வைத்திருக்கிறேன். சீக்கிரம் எழுது.

மாமா

ஆகஸ்ட் 3

அன்புள்ள மாமாவுக்கு,

கன்றின் இரத்தத்தில் இருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன்.

கொடித் துண்டையும் பார்த்தேன். அதில் ஒரு புண் கிடையாது. நான் இத்தனை வருடத்தில் பார்த்தவற்றில் அவ்வளவு சுத்தமான கொடி எதுவுமில்லை. அது சண்டையே போடவில்லை, மாமா.

அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் மருமகள்

ஆகஸ்ட் 28

அன்பு மருமகளுக்கு,

நானும் அத்தையும் இருக்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் பத்து நாள் சட்டைப் பையில் கிடந்தது. குளிக்கும்போது எடுத்து வைப்பேன், மறுபடி பையில் போட்டுக்கொள்வேன். கன்று துள்ளி ஓடுகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் விலை கேட்கிறார்கள். கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கும் அதன் தாய்க்கும் மற்ற நான்கு மகள்களுக்கும் இனி சினை ஊசி கிடையாது. மகாராணி வம்சம் இதோடு சரி.

பதினோராம் நாள் தையற்கடைக்குப் போனேன், வெறுங்கையோடு. வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்தேன். அதில் நுண்ணோக்கி, நீ, வெளிநாட்டு விஞ்ஞானிகள் எல்லோரும் வந்தார்கள்.

அந்த அம்மா ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். காலை மிதியிலிருந்து எடுக்கவில்லை.

“என்ன அண்ணே, பித்தானா?”

“இல்லம்மா. ஒரு விஷயம். அதாவது, விஞ்ஞானத்துல என்ன சொல்றாங்கன்னா...”

“காலர் கோணிக்கும். சுருக்கமாச் சொல்லுங்க.”

“நீ பட்டினி போடல. அந்த மாடு எங்கிட்ட இருந்து வரும்போதே நோயோடதான் வந்துச்சு. என் மாடு, என் நாய். தப்பு என்னோடது.”

மிஷின் நின்றது.

“நான் பட்டினி போடலன்னு எனக்குத் தெரியுமே அண்ணே” என்றார். “நான் சாப்பிடாம அதுக்குப் போட்ட நாள் உண்டு.” பிறகு கேட்டார், “புதுக் கன்னு நல்லா இருக்காமே?”

“நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு” என்றேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. நீ எழுதிய கொடி விஷயத்தைச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார். ஊசியில் நூல் மாற்றினார்.

“அன்னைக்கு சொசைட்டி வாசல்ல, ஏதோ கோவத்துல, ஒரு அஞ்சாறு பேர் முன்னாடி சொல்லிட்டேன்...” என்று இழுத்தேன்.

“இருபத்தி மூணு பேர்.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னார். “எண்ணிக்கிட்டே நின்னேன் அண்ணே. வேற எங்க பாக்குறதுன்னு தெரியல.”

உனக்கு நூறு பேர் என்று எழுதியிருந்தேன். அவரிடம் ஐந்தாறு என்றேன். பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன்.

“எங்கிட்ட வந்து சொல்லி என்ன? அவங்ககிட்ட சொல்லுங்க” என்றார். மிஷின் மறுபடி ஓடியது. யார் யார் என்று கேட்டேன். தைத்துக்கொண்டே வரிசையாகச் சொன்னார், நின்ற இடத்தோடு.

மறுநாள் காலை பால் ஊற்றும் நேரத்துக்குப் போய்த் திண்டின் மேல் ஏறி நின்றேன். “ரேடியோ! இன்னைக்கு நாடகமா, செய்தியா?” என்று கத்தினான் ஒருவன். “செய்தி” என்றேன். அன்றைக்கு இருந்தவர்களில் பதினாறு பேர் வரிசையில் இருந்தார்கள். சொல்லி முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் இறந்துவிட்டார், அவர் மகனிடம் சொன்னேன். ஐந்து பேரை வீடு தேடிப் போய்ச் சொன்னேன்.

பாக்கி ஒரே ஒருவர். சைக்கிள் கடைக்காரர். உன் ஊருக்கு மாறிப் போய்விட்டார். பேருந்து நிலையத்துக்கு எதிரே கடையாம். அவருக்கு ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். நாலே வரி. உன் கையால் கொடுத்துவிட்டு வா. உறையை ஒட்டவில்லை. முதலில் நீ படித்துப் பார், எங்கேயாவது கூட்டிச் சொல்லியிருந்தால் அடித்துவிட்டுக் கொடு.

மாமா